சூட்டை எங்கே இறக்குவது?

கடுங்குளிர் நாடுகளில் கம்ப்யூட்டர்ப் பைத்தியம் பிடித்த பையன்கள் ஒரு வேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டரின் பிராசசர் சில்லின் மேல் செம்புக் கட்டி ஒன்றை அழுத்தி வைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். கையடக்கமான பம்பு ஒன்று அந்தத் தண்ணீரைச் சுற்றிவரச் செய்யும். சில்லிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய், அங்கே ஆறித் திரும்பி வரும். காரின் பானெட்டைத் தூக்கினால் தெரிகிற அதே ஏற்பாடுதான். இதுவரைக்கும் எல்லா ஊரிலும் உண்டு, சென்னை ரிச்சி தெருவில் பெட்டியோடு விற்கிறார்கள். குளிர்நாட்டுப் பையன் கூடுதலாகச் செய்வது என்னவென்றால், அந்த ரேடியேட்டரை மட்டும் ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோய் மாட்டிவிடுவான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். தண்ணீர் நன்றாக ஆறிவரும். சில்லும் குளிர்ந்து கிடக்கும். அந்தத் தைரியத்தில், கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே அதை விரட்டுவான். இதற்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

என் தங்கை மகன் கனடாவில் எட்மன்டனில் இருக்கிறான். அவனும் இப்படி ஒன்று செய்துவைத்திருக்கிறான். தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க, கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கிளைகாலைக் கலந்திருக்கிறானாம். "வெளிய மைனஸ் இருபது மாமா. அம்புட்டுக் குளிரும் சும்மாதான கெடக்கு" என்று போனில் சொன்னான். அவன் கணக்கு சரிதான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டரின் சூட்டைக் குழாய் போட்டு வெளியே துரத்திவிட்டு, அதே வீட்டைச் சூடாக்க எரிவாயுவுக்குத் தனியாகக் காசு கட்டுகிறானே! ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் பெரிய பெரிய தரவு மையங்களின் சூட்டை ஊர்க் குழாய்களில் விட்டு வீடுகளை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்கிறார்கள். அது பிழைக்கத் தெரிந்தவன் வேலை. இவனுக்கு வேகம் வேண்டும், சூடு வேண்டாம். வயசு அப்படி.

இந்தச் செய்தி என் பேரன் காதுக்குப் போனதில்தான் எனக்கு வேலை வந்தது. சூலக்கரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து அவன் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறான். ஒரு கல்யாணத்தைக் கோத்து முடித்துக் கடைசியாக ரெண்டர் போட்டுவிட்டால், மிஷின் மணிக்கணக்கில் ஒரே மூச்சாக ஓடுகிறது. முகூர்த்த மாதங்களில் வேலை குவிந்துவிடும். "தாத்தா, எட்மன்டன் மாமா மாதிரி நம்மளும் ரேடியேட்டர மாடில வச்சுட்டா ஸ்பீடு ஏத்திரலாம்ல?" என்று கேட்டான்.

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது சூலக்கரை. சுற்றிலும் கரிசல், வேலிக்கருவை. வருடம் முழுக்கச் சேர்ந்தே 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை. சித்திரையில் காற்று 38, 40 டிகிரி. மார்கழி விடிகாலையில்கூட 20 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். பையன் ரேடியேட்டரை வைக்கலாம் என்று சொன்ன மொட்டை மாடித் தளத்தில், மதியம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் நிற்க முடியாது. இவற்றைச் சொல்லி ஒரே வார்த்தையில் மறுத்திருக்கலாம். அப்படி மறுக்க எனக்கு மனசு வரவில்லை. மறுக்கப்பட்ட பையன் அடுத்த கேள்வியைக் கேட்க மாட்டான். "வா, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சூடு தெரியும். நூற்பு மில்லில் எலக்ட்ரிகல் பக்கம் வேலைபார்த்து ஓய்வு பெற்றவன் நான். மோட்டார்களோடுதான் வாழ்க்கை போயிற்று.

ஒரு மோட்டாரின் நேம் பிளேட்டில் குதிரைத்திறன், ஆம்பியர், வோல்டேஜ் எல்லாம் அடித்திருக்கும். அதையெல்லாம் எல்லாரும் படிப்பார்கள். ஓரத்தில் 'ஆம்பியன்ட் 40' என்று ஒன்று இருக்கும். அதைப் படிப்பவர்கள் குறைவு. சுற்றியிருக்கிற காற்று 40 டிகிரிக்குள் இருக்கும்வரைதான் மேலே எழுதிய மற்றதெல்லாம் செல்லும் என்பது அதன் பொருள். காற்று 50 டிகிரியாகக் கொதிக்கிற ஒரு மூலையில் அதே மோட்டாரை வைத்தால், எழுதியிருக்கிற குதிரைத்திறனுக்குக் கீழேதான் அதனிடம் வேலை வாங்க வேண்டும். திறன் இரும்பிலும் செம்பிலும் மட்டும் இல்லை, அது நிற்கிற இடத்திலும் இருக்கிறது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வயதான பிட்டர் ஒருவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். மோட்டார் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் அந்த நேம் பிளேட்டில் உண்டு. இன்சுலேஷன் வகுப்பு. 'பி' என்றால் உள்ளே இருக்கிற காயில் 130 டிகிரி வரை தாங்கும், 'எஃப்' என்றால் 155 வரை. நல்ல கம்பெனிக்காரன் 155 தாங்குகிற சரக்கைப் போட்டுச் சுற்றுவான். ஆனால் முழு லோடில் ஓடினாலும் 130-ஐத் தாண்டாதபடி மோட்டாரை வடிவமைப்பான். நடுவில் இருக்கிற 25 டிகிரியை என்ன செய்கிறான்? ஒன்றும் செய்வதில்லை. சும்மா விட்டுவைக்கிறான். மில்லுக்குப் புதிதாக வருகிற இன்ஜினியர்ப் பையன்களுக்கு இது பொறுக்காது. "இன்னும் தாங்கும் சார், லோடு ஏத்தலாம்" என்பார்கள். தாங்கும்தான். மோட்டார்க்காரர்களிடம் குத்துமதிப்பாக ஒரு கணக்கு உண்டு: 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதி. 20 டிகிரி கூடினால் கால். ஏற்றிய அன்றைக்கு ஒன்றும் ஆகாது, மறுநாளும் ஆகாது. ஏற்றியவன் வேறு மில்லுக்கு மாறிப் போன பிறகு, ஒரு நைட் ஷிப்டில் வார்னிஷ் கருகுகிற வாடை வரும். அப்போது காயில் போயிருக்கும். விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கோடையில்தான் அவர்களுக்குக் கை ஓயாது. கிணற்றில் தண்ணீர் கீழே போயிருக்கும், வோல்டேஜ் குறைவாக வரும், காற்றும் கொதிக்கும். மூன்றும் சேர்ந்து ஒரே மோட்டாரின் தலையில் இறங்கும்.

பேரனிடம் இதைச் சொன்னதும், "சில்லும் அப்படித்தான் தாத்தா" என்று அவன் பக்கத்துக் கணக்கைச் சொன்னான். இப்போது வருகிற பிராசசர்கள் 95, 100 டிகிரிக்குப் போனதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை செய்யும்போது சுற்றியுள்ள காற்றைவிட 55 டிகிரி அதிகமாகச் சூடாகிற ஒரு மிஷினை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரி அறையில் சில்லு 75-ல் நிற்கும். நம் மாடி அறையில் 38 டிகிரி என்றால் 93. தண்ணீர் போட்டாலும், பெரிய ரேடியேட்டர் போட்டாலும், அந்த 55-ஐ 40 ஆகவோ 35 ஆகவோ குறைக்கலாமே தவிர, வெளிக்காற்றுக்குக் கீழே ஒரு டிகிரிகூட அது இறங்காது. ரேடியேட்டர் குளிரை உண்டாக்குவதில்லை. சூட்டை வாங்கிக் காற்றிடம் கொடுக்கிற கைமாற்று வேலைதான் அதற்கு. காற்று வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். எட்மன்டன் காற்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நம் காற்றே சுமை தாங்காமல் நிற்கிறது.

சரி, இந்த ஓவர்கிளாக்கிங் என்பதே சுத்த ஏமாற்றா என்றால், இல்லை. 1998-ல் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்று விலை மலிந்த பிராசசர் ஒன்றை விட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5 மடங்காக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. துடிப்பை மட்டும் 66-லிருந்து 100-க்கு மாற்றினால் அதே சில்லு 450-ல் ஓடியது. ஒன்றிரண்டு அல்ல, பெரும்பாலானவை ஓடின. ஒன்றரை மடங்கு வேகம், காசு கொடுக்காமல்! உலகம் முழுக்கப் பையன்கள் அதைத் தேடி வாங்கினார்கள். அது எப்படி முடிந்தது? அந்தச் சில்லு உண்மையிலேயே அந்த வேகத்துக்குத் தகுதியானது. கம்பெனி, தன் விலை உயர்ந்த சரக்குக்குப் போட்டியாக வந்துவிடக் கூடாது என்று இதைக் குறைத்து எழுதியிருந்தது. பையன்கள் எடுத்தது, கம்பெனி விட்டுவைத்த மிச்சத்தை.

இன்றைக்கு அந்த மிச்சம் கிடையாது. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கிறவரை சில்லு தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கிறபடி கம்பெனிகளே செய்து அனுப்புகின்றன. இருந்த வெண்ணெயைக் கம்பெனியே வழித்து எடுத்துவிட்டது. அதற்கு மேலும் ஏற்ற வேண்டுமானால் வோல்டேஜைக் கூட்ட வேண்டும். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. சில்லின் சூடு வேகத்தோடு நேர் விகிதத்தில் கூடும். வோல்டேஜோடு அதன் வர்க்கமாகக் கூடும். வேகத்தை 10 சதவீதமும் அதற்காக வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால், சூடு 33 சதவீதம் கூடிவிடும். பத்துக்கு முப்பத்து மூன்று வட்டி! சாதனைக்காக ஓட்டுகிறவர்கள் −196 டிகிரியில் இருக்கிற திரவ நைட்ரஜனை ஊற்றி ஓட்டுகிறார்கள். 2011-ல் ஏஎம்டி கம்பெனி திரவ ஹீலியம் ஊற்றித் தன் எஃப்எக்ஸ் சில்லு ஒன்றை 8.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டி ஓட்டிக் காட்டியது. நிமிஷக்கணக்கில் நடக்கிற வேடிக்கை அது. அந்த மிஷினில் யாரும் கல்யாண வீடியோ வெட்டுவதில்லை.

பேரன் விடவில்லை. "அப்ப பிரிட்ஜுக்குள்ள ரேடியேட்டர வச்சா?" என்றான். வீட்டு பிரிட்ஜ், வைத்த பாலும் குழம்பும் ஆறுகிற சூட்டை அவ்வப்போது இழுப்பதற்காகச் செய்தது. ஓயாமல் முந்நூறு வாட் சூட்டை ஊற்றினால் அதன் கம்ப்ரசர் நிற்கவே நிற்காது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதே வேர்வை குளிர்ந்த குழாய் மேலும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வேர்க்கத் தொடங்கும். அந்தச் சொட்டு மதர்போர்டில் விழுந்தால் கதை முடிந்தது. எட்மன்டனில் சூடாக்கிய வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 30 சதவீதம்தான் என்றால், குழாய் 2 டிகிரி வரை குளிர்ந்தாலும் வேர்க்காது. அவர்களுக்குக் குளிரும் உண்டு, வறட்சியும் உண்டு. ஒருவனுடைய வசதியைப் பார்த்து அவன் செய்வதை அப்படியே செய்யப் போகிறவர்கள், அவனுக்கு இருக்கிற இரண்டாவது வசதியைக் கவனிப்பதில்லை.

நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், பதில் எங்கள் மில்லிலேயே இருந்தது. நூல் நூற்கிற இடத்தில் காற்றின் ஈரம் 55, 60 சதவீதம் இருந்தாக வேண்டும். குறைந்தால் பஞ்சு பறக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும், மெஷின் பார்க்கிற சைடர் பிள்ளைகள் முடிச்சுப் போட்டு மாள மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு மில்லிலும் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் என்று ஒன்று இருக்கும். வெளிக்காற்றை இழுத்து, பூத்தூறலாகப் பீய்ச்சுகிற தண்ணீருக்குள் விட்டு, நனைந்த காற்றை மெஷின் ஹாலுக்கு அனுப்பும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். மண்பானையில் தண்ணீர் குளிர்கிற வழியும் இதுதான். சுவரில் இரட்டைத் தெர்மாமீட்டர் தொங்கும். ஒன்று உலர்ந்தது, இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஷிப்டு தவறாமல் இரண்டையும் பார்த்து எழுதி வைப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. ஈரத்துணி சுற்றியது எவ்வளவு கீழே காட்டுகிறதோ, அவ்வளவுக்குத் தண்ணீரால் குளிர்விக்க முடியும்.

சித்திரை மதியம் காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், ஈரக் குமிழ் 23 டிகிரியைக் காட்டும். பதினைந்து டிகிரி வித்தியாசம்! நடைமுறையில் அதற்கு மூன்று நாலு டிகிரி மேலேதான் தண்ணீரைக் கொண்டுவர முடியும். 27 என்றே வையுங்கள். கொதிக்கிற மதியத்தில் 27 டிகிரித் தண்ணீர். எட்மன்டனுக்குக் குளிர்காற்று இருப்பது போல நமக்குக் காய்ந்த காற்று இருக்கிறது. ரேடியேட்டர் மேல் ஈரப் பேடு ஒன்றைத் தொங்கவிட்டு, நிழலில் வைத்து, பின்னால் ஒரு மின்விசிறி போட்டால் வேலை செய்யும். செலவு? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரத்தின் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். முந்நூறு வாட் மிஷின் ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டர்கூட ஆகாது. பேரன் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

இந்த ஏற்பாட்டின் குறைகளையும் சொல்லத்தானே வேண்டும். நம் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். ஆவியாக ஆவியாக உப்பு பேடிலேயே தங்கிக் கல்லாகிவிடும். சில்லுக்குப் போகிற தண்ணீர் தனி, பேடை நனைக்கிற தண்ணீர் தனி என்று வைத்தே ஆக வேண்டும். சில்லுச் சுற்றுக்கு, பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்ட் வாட்டர் வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்தால் இரண்டு தெர்மாமீட்டரும் ஏறக்குறைய ஒன்றையே காட்டும், அன்றைக்கு இந்த வித்தை பலிக்காது. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய ஊரில், விளையாட்டு வேகத்துக்குத் தண்ணீரைக் காற்றில் விடுவதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தலும் உண்டு. தரவு மையங்கள் லட்சக்கணக்கான லிட்டர் கேட்கும்போது அந்த உறுத்தல் ஊருக்கே வர வேண்டும்.

வெளிக்காற்றையும் கடல்நீரையும் வைத்தே கம்ப்யூட்டரைக் குளிர்விப்பது பெரிய அளவில் நடக்கிறது. 2013-ல் பேஸ்புக் கம்பெனி வட ஸ்வீடனில் லூலியோ என்ற ஊரில், ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கத்திலேயே, தன் தரவு மையத்தைத் திறந்தது. வெளிக்காற்றுதான் அங்கே ஏசி. கூகுள், பின்லாந்தில் ஹாமினா என்ற ஊரில் மூடிக் கிடந்த பேப்பர் மில்லை வாங்கி, அந்த மில்லின் பழைய சுரங்கக் குழாய் வழியாகவே கடல்நீரைக் கொண்டுவந்து குளிர்விக்கிறது. எனக்கு இவற்றைவிடப் பிடித்தது இன்டெல் 2007 கடைசியிலிருந்து 2008 வரை அமெரிக்காவின் நியூமெக்சிகோ பாலையில் செய்த சோதனை. அது நம் ஊர் மாதிரி காய்ந்த, தூசி பறக்கிற நாடு. ஏறக்குறைய 900 சர்வர்களை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை ஏசியிலும் இன்னொரு பங்கை 32 டிகிரி வரை வெளிக்காற்றிலும் ஓடவிட்டார்கள். தூசி படிந்தது, ஈரப்பதம் தாறுமாறாக ஏறி இறங்கியது. வெளிக்காற்றில் ஓடியவற்றில் பழுதானவை 4.46 சதவீதம். அவர்களுடைய வழக்கமான தரவு மையத்தில் அதே காலத்தில் 3.83. வித்தியாசம் சொற்பம். இயந்திரம் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தாங்கும். ஆனால் கவனியுங்கள், அவர்கள் சர்வர்களை விரட்டவில்லை. எழுதியிருந்த வேகத்தில்தான் ஓட்டினார்கள். மிச்சத்தில் கை வைக்காமல் இருந்ததால்தான் தூசியையும் வெயிலையும் அந்த மிச்சம் தாங்கிக்கொண்டது.

இந்த மிச்சம் என்கிற விஷயத்தை எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியவைக்க மோட்டாரும் சில்லும் தேவையில்லை. ஆமத்தூர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று போய்ப் பாருங்கள். பட்டாசு ஆலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். கட்டிடம் கொஞ்சம்தான். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, நடுவில் வெறும் பொட்டல், ஆங்காங்கே வேப்பமரம். வெளியூர்க்காரர் ஒருவர் என்னோடு காரில் வந்தபோது, "இவ்வளவு நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறார்களே" என்றார். ஓர் அறையில் பொறி விழுந்தால் பக்கத்து அறைக்குத் தாவாமல் இருப்பதற்குத்தான் அந்தப் பொட்டல். வேலை அறைக்கு நாலு பேர், மருந்து கலக்கும் அறைக்கு இரண்டு பேர் என்று ஆள் கணக்கும் அதற்குத்தான். மருந்து கலப்பதை விடிகாலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிப்பதும் அதற்குத்தான். அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு மிஞ்சக் கூடாது. இங்கே மட்டும் மருந்தில் மிச்சம் வைக்காமல் இருப்பதே மிச்சம்.

தீபாவளி நெருங்கும்போது ஆர்டர் குவியும். பீஸ் கணக்கில் கூலி. முன்பணம் வாங்கியிருப்பார்கள், அதைக் கழிக்க வேண்டும். நாலு பேர் அறையில் ஆறு பேர் உட்கார்வதும், மரத்தடியில் பாயை விரித்துத் திரி சொருகுவதும் அந்த நாட்களில்தான். யாரோ ஒருவர் அந்தப் பொட்டலைப் பார்த்து "சும்மாதானே கிடக்கிறது" என்று சொல்லியிருப்பார். பத்திரிகையில் மறுநாள் 'உராய்வு காரணமாக' என்று போடுவார்கள். உராய்வு என்பது அந்தக் கடைசி நொடிக்குத்தான் பொருந்தும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறக்குறைய 40 பேர் போனார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல்களில் நின்றவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். வேகத்தை ஏற்றுவது பற்றி யார் என்னிடம் பேசினாலும் நான் முதலில் நினைப்பது கம்ப்யூட்டரையோ மோட்டாரையோ அல்ல.

மனுஷ உடம்புக்கும் நேம் பிளேட் உண்டு. வேலை நடக்கிற இடத்தில் ஈரக் குமிழ் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று தொழிற்சாலை விதிகளிலேயே இருக்கிறது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும். ஈரக் குமிழ் 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆரோக்கியமான ஆளின் உடம்பாலும் சூட்டை வெளியே தள்ள முடியாது. மில்லில் டபுள் ஷிப்டு பார்த்துப் பார்த்துப் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. முடிகிற வயதில் ஒரு மாதம் இரண்டு மாதம் செய்யலாம். அதையே வழக்கமான சம்பளமாக நினைத்து, அதற்கேற்ற கடனை வாங்கிக்கொண்டவர்கள் ஐம்பது வயதில் ஆஸ்பத்திரிக்கும் வட்டிக்கடைக்கும் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். குடும்பத்துக்காகச் செய்தவர்கள்தான். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சின்னப் பையன்களிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

கடைசியில் என் பேரன் செய்தது ஓவர்கிளாக்கிங்குக்கு நேர் எதிரானது. வோல்டேஜின் வர்க்கத்தில் சூடு ஏறும் என்றால், இறங்குவதும் அப்படித்தானே? வோல்டேஜை 10 சதவீதம் குறைத்தால், அதே வேகத்தில் சூடு 19 சதவீதம் குறையும். எல்லாச் சில்லும் ஒன்றுபோல் இருக்காது என்பதால், கம்பெனி எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகிறது. நம் சில்லுக்கு எவ்வளவு போதும் என்று படிப்படியாக இறக்கிப் பார்த்து, மிஷின் தடுமாறுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் 'கொஞ்சம் மேலே' முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவனாகவே நிறுத்தினான். முன்பு மதியம் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த மிஷின், இப்போது ஒரே சீராக ஓடுகிறது. பெரிய ரெண்டர் வேலையை ராத்திரிக்கு மாற்றிவிட்டான். ஈரப் பேடு யோசனையையும் அவன் கைவிடவில்லை, பழைய மிஷின் ஒன்றில் செய்துபார்க்கப் போகிறானாம். செய்யட்டும். உடைந்தாலும் சோறு போடுகிற மிஷின் அது இல்லை.

ஓவர்கிளாக்கிங் ஆசை இருக்கிற பிள்ளைகள் மார்கழி ராத்திரியில், கையை விட்டுப் போனாலும் பரவாயில்லை என்கிற மிஷினில் செய்து பாருங்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மற்றவர்கள் பங்குனி பிறக்கும் முன்னால் கம்ப்யூட்டர் பெட்டியை ஒருமுறை திறந்து, ஆடிக் காற்றில் உள்ளே போய் ஒட்டியிருக்கிற கரிசல் தூசியைப் புளோயரால் ஊதித் தள்ளுங்கள். சில்லின் மேல் தடவியிருக்கிற பேஸ்ட் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். பெட்டியை மேற்குச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்பக்கம் காற்றுப் போக இடம் விடுங்கள், அங்கே பழைய நோட்டுகளை அடுக்காதீர்கள்.